மொறிஸ் மைனரின் முன்பக்கம் ஏன் கட்டை போல இடிக்கிறது?

களுவாஞ்சிக்குடியில் இருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். அவருடைய அம்மப்பா வைத்திருந்த மொறிஸ் மைனர் 1000 கார் பல வருடம் கொட்டிலில் நின்றது. வெள்ளத் தண்ணீர் ஒருமுறை சக்கரத்தின் பாதி வரை வந்து போயிருக்கிறது. போன வருடம் எஞ்சின் செய்து, முன்பக்க மூட்டுகளில் இருக்கிற ரப்பர் புஷ் எல்லாம் மாற்றி, நாலு டயரும் புதிதாகப் போட்டு ஓட வைத்தார். ஓடுகிறது. ஆனால் முன்பக்கம் மாட்டு வண்டில் மாதிரி இடிக்கிறது, சின்ன வேகத்தடையில் ஏறினாலும் ஸ்டியரிங் வழியாகக் கைக்கு அடி வருகிறது. பின்பக்கம் சாதாரணமாகத்தான் இருக்கிறதாம். பார்த்த மெக்கானிக் டோர்ஷன் பார் இரண்டும் பழுது, கொழும்பில் பழைய வாகனச் சாமான் விற்கிற பஞ்சிகாவத்தையில் பழைய சோடி ஒன்று எடுத்து வாருங்கள் என்று சொல்லியிருக்கிறார். வாங்கலாமா என்பது தம்பியின் கேள்வி. பார் வாங்குவது பற்றித்தான் கேட்டிருக்கிறார், ஆனாலும் அதற்குள் இருக்கிற கேள்வி வேறு. சக்கரம் மேலே எழும்ப வேண்டிய நேரத்தில் எழும்பாமல் அதைப் பிடித்து வைப்பது எது? அதற்குப் பதில் கிடைத்தால் என்ன வாங்குவது என்பது தானாகத் தெரிந்துவிடும்.

முதலில் நேரடியான பதில்: இப்போதைக்குப் பார் வாங்க வேண்டாம். மைனரின் முன்பக்கத்தில் சுருள் ஸ்பிரிங் கிடையாது. காருக்கு அடியில் முன்னும் பின்னுமாக இரண்டு நீண்ட எஃகுத் தண்டுகள் ஓடுகின்றன, அவைதான் டோர்ஷன் பார். முன் நுனி, சக்கரத்தைப் பிடித்திருக்கிற மேல், கீழ் இரும்புக் கைகளில் கீழ்க் கையுடன் பூட்டப்பட்டிருக்கிறது, பின் நுனி நடுவில் உள்ள குறுக்குச் சட்டத்தில் பூட்டப்பட்டிருக்கிறது. சக்கரம் மேலே போகும்போது தண்டு முறுகும், அந்த முறுக்கம்தான் ஸ்பிரிங். எஃகுத் தண்டு வயது போய் விறைப்பது கிடையாது. அதன் விறைப்பைத் தீர்மானிப்பது நீளமும் தடிப்பும் உலோகமும் மட்டும், 60 வருடத்தில் இவை மூன்றும் மாறுவதில்லை. வயதாகும்போது அது தளர்ந்து கார் பதியும், அல்லது துருவினால் வெடிப்பு விழுந்து ஒருநாள் முறியும். முறிந்தால் அந்தப் பக்கம் உட்கார்ந்துவிடும், சந்தேகமே வராது. ஆகவே 'பார் பழசானதால் விறைத்துவிட்டது' என்ற பேச்சு பொருந்தாது. பழைய சோடி வாங்குவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. ஒரு பக்கத்தில் வேலை செய்த பார் அந்தப் பக்கத்து முறுக்கத்துக்கே பழகியிருக்கும். இடது பார் வலதுக்குப் போனால் எதிர்த் திசையில் முறுகி முறியலாம். எந்தக் காரில் எந்தப் பக்கம் இருந்தது என்று தெரியாத பாரை நான் யாருக்கும் பூட்டிக் கொடுக்கமாட்டேன்.

நான் இந்த வேலைக்கு வந்து 34 வருடம். மட்டக்களப்பு டவுனில் ஒரு பாஸுக்குக் கையாளாக நின்று பழகியபோது கராஜில் பாதி வண்டி மைனரும் ஒஸ்ரினும்தான். அப்போது பாஸ் சொல்லித்தந்ததை இன்றும் அப்படியே செய்கிறேன். 'இறுக்கம்' என்று ஒருவர் வந்து சொன்னால் உடனே காருக்கு அடியில் படுக்கக் கூடாது, எந்த இறுக்கம் என்று கேட்க வேண்டும். சக்கரம் அசையவே மறுப்பது ஒன்று. நன்றாக அசைந்துவந்து, அசைவின் முடிவில் இருக்கிற எல்லை ரப்பரில் மோதி நிற்பது இன்னொன்று. ஸ்டியரிங் கனப்பதையும் சிலர் முன்பக்கம் இறுக்கம் என்றுதான் சொல்வார்கள், அது மூன்றாவது. மூன்றுக்கும் காரணம் வேறு வேறு. தம்பி எழுதியதைப் பார்த்தால் முதல் இரண்டில் ஒன்று. எது என்று கண்டுபிடிக்கக் காசே தேவையில்லை. சமதரையில் நிறுத்தி, முன் பம்பரின் ஒரு மூலையில் உடம்புப் பாரத்தைக் கொடுத்து அழுத்திவிட்டுக் கையை எடுங்கள். மைனர் 750 கிலோ அளவான சின்னக் கார், ஒரு ஆள் அழுத்தினால் முன்பக்கம் கண்ணுக்குத் தெரிகிற மாதிரிப் பதிய வேண்டும், உடனே எழும்பி நிற்க வேண்டும். அழுத்தவே பதியவில்லை என்றால் எங்கோ பிடிக்கிறது. பதிந்து, பதிந்த இடத்திலேயே கொஞ்ச நேரம் நின்று மெதுவாக எழும்பினாலும் அப்படித்தான். இலேசாகப் பதிந்து எழும்புகிற கார் றோட்டில் மட்டும் இடித்தால், அது எல்லையில் மோதுகிறது, அல்லது டயர் கல்லாக இருக்கிறது.

டயரில் இருந்து தொடங்குவோம், ஏனென்றால் தம்பி அதைப் புதிதாகப் போட்டிருக்கிறார். மைனரின் சக்கரம் 14 அங்குலம். அதற்கான ஒடுக்கமான கார் டயர் இப்போது கடைகளில் சுலபமாகக் கிடைப்பதில்லை, அதனால் வான் டயரைப் போட்டுவிடுகிறார்கள். டயரின் பக்கத்தில் அளவுக்குப் பின்னால் ஒரு சுமை எண் இருக்கும், அதைப் படியுங்கள். 75 என்றால் அந்த டயர் 387 கிலோ தாங்கும். 97 என்றால் 730 கிலோ. மைனரின் ஒரு முன்சக்கரத்தில் வருகிற பாரம் 200 கிலோவுக்குச் சற்று மேல்தான். 730 கிலோவுக்குச் செய்த டயருக்கு அந்தப் பாரம் தெரியவே தெரியாது, அதன் பக்கச்சுவர் வளைந்து கொடுக்காது. அதற்கு மேல் காற்றடிக்கிற இடத்தில் கேட்காமலே 35 அடித்துவிடுவார்கள். இந்தக் கார் வந்த காலத்து டயருக்கு முன்பக்கக் காற்று 22 பிஎஸ்ஐ அளவுதான். இன்றைய ரேடியல் கார் டயர் என்றால் நான் 24 முதல் 26 வரை வைப்பேன். ஆனால் டயர் மட்டும் காரணம் என்றால் பின்பக்கமும் இடிக்க வேண்டும். நாலும் ஒரே டயர், பின்பக்கம் சாதாரணம் என்று எழுதியிருக்கிறார். ஆகவே டயர் குற்றத்தைக் கூட்டியிருக்கலாம், முழுக் காரணமாக இருக்க முடியாது.

அடுத்தது உயரம். சக்கரத்தின் நடுவில் இருந்து நேர் மேலே மட்காட்டின் விளிம்பு வரை இரண்டு பக்கமும் அளந்து எழுதிக்கொள்ளுங்கள். நிலத்தில் இருந்து அளந்தால் காற்றுக் குறைவு கணக்கைக் குழப்பும். கார் பதிந்திருந்தால் கை மேலே போக இடம் இருக்காது. சின்னப் பள்ளத்துக்கே எல்லை ரப்பரில் போய் இடிக்கும், அது ஓட்டுகிறவருக்கு ஸ்பிரிங் விறைத்தது போலத் தெரியும். எதிர்ப்பக்கப் பிழையும் உண்டு. பதிந்த காரைத் தூக்குவதற்காக யாராவது டோர்ஷன் பாரின் பின் நுனியில் இருக்கிற லீவரை அளவுக்கு மிஞ்சித் திருப்பியிருந்தால் கார் அழகாக உயர்ந்து நிற்கும், ஆனால் கை கீழ் எல்லைக்குப் பக்கத்தில் தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு மேட்டுக்குப் பிறகும் சக்கரம் கீழே இறங்கும்போது டக் என்று அடிக்கும். எல்லையில் மோதுகிறதா என்று பார்க்க எல்லை ரப்பர்களைத் துடைத்து வெள்ளைச் சோக்கைத் தடித்துப் பூசுங்கள். பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரைப் பக்கம் ஒரு கிறவல் றோட்டில் இரண்டு கிலோமீற்றர் ஓட்டிவிட்டுப் பாருங்கள். சோக்கு அப்படியே இருந்தால் மோதவில்லை. நசிந்து அழிந்திருந்தால் மேலேயா கீழேயா என்பதும் தெரிந்துவிடும்.

இனிப் புஷ். நான் அதிகம் சந்தேகப்படுவது இதைத்தான். கீழ்க் கையின் உட்புற மூட்டிலும், மேலே சொக் அப்சோபரின் கையுடன் சேருகிற மூட்டிலும் ரப்பர் புஷ் இருக்கிறது. அந்த ரப்பர் தாங்கி மாதிரி வழுக்கிச் சுற்றுவதில்லை. உட்புறமும் வெளிப்புறமும் இறுகப் பிடிபட்டிருக்க, நடுவில் உள்ள ரப்பர் முறுகிக் கொடுப்பதால்தான் கை அசைகிறது. அதனால் நட்டை எந்த நிலையில் இறுக்குகிறோம் என்பது பெரிய விஷயம். காரை ஜக்கில் தூக்கி, சக்கரம் தொங்க, புதுப் புஷ் போட்டு, அப்படியே முழுதாக இறுக்கிவிட்டால் ரப்பருக்கு அந்தத் தொங்கல் நிலைதான் சும்மா இருக்கும் நிலை. காரை இறக்கியதும் புஷ் எல்லாம் முறுகிவிடும். அதற்குப் பிறகு ஒவ்வொரு அசைவிலும் அது காரை மேலே தள்ளிக்கொண்டே இருக்கும், தேவையில்லாத இன்னொரு ஸ்பிரிங் வைத்த மாதிரி. சில மாதத்தில் ரப்பர் கிழிந்து தானாகவே தளர்ந்துவிடும், அதற்குள் புஷ் நாசம். சரியான முறை, நட்டுகளைக் கைப்பிடி அளவு மட்டும் இறுக்கி, காரைச் சக்கரத்தில் இறக்கி, முன்பக்கத்தை நாலைந்து தரம் அழுத்தி விட்டு, அது தன் உயரத்தில் நிற்கும்போது கடைசி இறுக்கு இறுக்குவது.

இதை நான் படித்து மட்டும் சொல்லவில்லை. பல வருடத்துக்கு முன் அக்கரைப்பற்றில் இருந்து ஒரு வாத்தியார் இதே முறைப்பாட்டுடன் கார் கொண்டுவந்தார். நான் சொக் அப்சோபர் என்று நினைத்தேன். இரண்டையும் கழற்றித் திருத்திப் போட்டு அனுப்பினேன், காசும் வாங்கினேன். ஒரு கிழமையில் அதே இடிப்புடன் திரும்பி வந்தார். காரைக் குழிக்கு மேலே சக்கரத்தில் நிறுத்தி, புஷ் நட்டுகளை ஒவ்வொன்றாகத் தளர்த்தியபோது முன்பக்கம் கண்ணுக்கு முன்னாலேயே அரை அங்குலம் இறங்கியது. வேறு ஒன்றும் செய்யவில்லை, அந்த நிலையில் இறுக்கி அனுப்பினேன், பிறகு அந்தக் கார் இடிக்கவில்லை. வாங்கிய காசைத் திருப்பிக் கொடுத்தேன். அன்றில் இருந்து புஷ் மாற்றிய காரில் இடிப்பு என்றால் நான் முதலில் தொடுவது அந்த நட்டுகளைத்தான். நீங்களும் செய்விக்கலாம் தம்பி. நட்டை ஒரு சுற்றுக்கு மேல் தளர்த்த வேண்டாம், கழற்றவே கூடாது, தளர்ந்தபடி ஓட்டவும் கூடாது. நட்டு கழராமல் இருக்க ஊசிப் பின் குத்தியிருந்தால், இறுக்கிய பிறகு புது ஊசிப் பின் போடுங்கள்.

புஷ் எதனால் செய்தது என்பதையும் பாருங்கள். யுத்த காலத்தில் சாமான் வராதபோது நாங்கள் லொறி டயரை வெட்டிப் புஷ் செய்திருக்கிறோம், லேத்தில் நைலோனைக் கடைந்தும் போட்டிருக்கிறோம். கார் ஓடியது, அன்றைக்கு அது போதும். நைலோன் முறுகாது, அது சுற்றத்தான் வேண்டும். மண்ணும் உப்பும் போனால் சுற்றவும் மாட்டாது, பிடித்துக்கொள்ளும். இன்றும் கடையில் 'வாழ்நாள் முழுக்க வரும்' என்று சொல்லிக் கடைந்த புஷ் விற்கிறார்கள். இந்தக் காருக்கு அது வேண்டாம், ரப்பரையே போடுங்கள்.

அப்புறம் சொக் அப்சோபர். மைனரில் இருப்பது குழாய் மாதிரியான சொக் அல்ல, ஒரு இரும்புப் பெட்டியும் அதில் இருந்து நீளுகிற கையும். முன்பக்கத்தில் அந்தக் கைதான் மேல் கையாகவும் வேலை செய்கிறது. உள்ளே இரண்டு பிஸ்டன், சின்ன வால்வுகள், ஒயில். இதில் ஒரு விஷயம் உறுதி: ஒயில் ஒழுகி வெறுமையான சொக் காரை விறைக்க வைக்காது, ஆட வைக்கும். விறைப்பைத் தருவது மூன்று. ஒன்று, தடித்த ஒயில். கார் ஆடுகிறது என்று 140 கியர் ஒயில் ஊற்றுகிற பழக்கம் எங்கள் பக்கம் நிறைய இருந்தது. இந்தச் சொக்குக்கு உரியது மெல்லிய ஒயில். உரியது கிடைக்காவிட்டால் எஸ்.ஏ.ஈ 20 தடிப்புள்ள கனிம ஒயில் போடலாம் என்பது பழைய கைநூல்களிலேயே இருக்கிறது. மோட்டார் சைக்கிள் போர்க்குக்குப் போடுகிற 20 எண் ஒயில் நல்லாக வேலை செய்யும். பிரேக் ஒயில் ஊற்ற வேண்டாம், சீல் கெட்டுவிடும். இரண்டாவது, பழைய ஒயில் சேறாகி வால்வை அடைப்பது. மூன்றாவது, தண்ணீர். 2004 கடற்கோளில் உப்புத் தண்ணீர் குடித்த கார்களின் சொக்கை நான் திறந்திருக்கிறேன், பிஸ்டன் சிலிண்டரோடு துருவில் ஒட்டிப்போய் இருந்தது. தம்பியின் காரில் தண்ணீர் சக்கரத்தின் பாதி வரைதான் வந்தது என்றால் அது சொக்கின் மூடி உயரத்துக்குப் போயிருக்காது, ஆனாலும் திறந்து பார்க்காமல் இதை உறுதியாகச் சொல்லமாட்டேன்.

சொக்கைத் தனியாகச் சோதிக்க அதன் கையை மேல் மூட்டில் இருந்து விடுவிக்க வேண்டும். இந்த இடத்தில் என் சொல்லைக் கட்டாயம் கேளுங்கள். டோர்ஷன் பார் முறுகிய நிலையில் கீழ்க் கையைக் கீழ்நோக்கித் தள்ளிக்கொண்டிருக்கிறது, அதைப் பிடித்து வைத்திருப்பது மேல் மூட்டு. கீழ்க் கைக்கு அடியில் தாங்கு கொடுக்காமல் மேல் மூட்டைக் கழற்றினால் கை சாட்டை மாதிரி இறங்கும், விரலோ முகமோ அங்கே இருந்தால் போய்விடும். காரை ஸ்டாண்டில் நிறுத்தி, கீழ்க் கையை ஜக்கில் தாங்கிய பிறகே அந்த நட்டைத் தொட வேண்டும். செங்கல்லை ஸ்டாண்டாக வைக்கவே கூடாது. இந்த வேலையை வீட்டில் தனியாகச் செய்யாதீர்கள், கராஜில் முன்னால் நின்று செய்விக்கவும். கை விடுபட்டதும் அதை மேலும் கீழும் அசைத்துப் பாருங்கள். இரண்டு திசையிலும் சீராக எதிர்த்துக்கொண்டு போக வேண்டும். அசையவே மறுத்தாலும், ஒரு இடத்தில் மட்டும் பிடித்து விட்டாலும் குற்றம் அங்கேதான். அதே நேரம் சொக் இல்லாமல் மற்றப் பாகம் எப்படி அசைகிறது என்றும் ஜக்கை மெல்ல ஏற்றி இறக்கிப் பார்த்துவிடலாம். சொக்கின் மூடியைத் திறப்பதற்கு முன் சுற்றியுள்ள மண்ணைத் தூரிகையால் துடைத்துவிடுங்கள், ஒரு மணல் உள்ளே விழுந்தாலும் வால்வுக்குக் கேடு.

ஸ்டியரிங் கனப்பது பற்றி அவர் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. சக்கரம் திரும்புகிற கிங் பின்னின் மேலும் கீழும் மரை வெட்டியிருக்கும், அவை ட்ரனியன் என்ற முடிச்சுகளுக்குள் சுற்றும். மைனரின் பெரிய பலவீனம் இந்த இடம். கிறீஸ் போகாவிட்டால் மரை தேய்ந்து, ஒருநாள் ட்ரனியன் கழன்று சக்கரம் மட்காட்டுக்குள் மடிந்துவிடும். வருடக்கணக்கில் கொட்டிலில் நின்ற காரில் பழைய கிறீஸ் மெழுகு மாதிரி இறுகி வழியை அடைத்திருக்கும், கிறீஸ் கன்னால் அடித்தாலும், கிறீஸ் போகிற வாயான நிப்பிளின் வெளியே வழியுமே தவிர உள்ளே போகாது. முன்பக்கத்தை ஜக்கில் தூக்கி, பாரம் இல்லாத நிலையில், ஸ்டியரிங்கை இரு பக்கமும் திருப்பித் திருப்பி அடிக்க வேண்டும். முடிச்சின் விளிம்பில் புதுக் கிறீஸ் எட்டிப் பார்க்கும் வரை விடக்கூடாது. வராவிட்டால் கழற்றிக் கழுவ வேண்டியதுதான். நான் 1500 கிலோமீற்றருக்கு ஒருமுறை அடிப்பேன், மாரி மழைக் காலத்தில் அதற்கும் முன்னால். தூக்கிய நிலையில் சக்கரத்தின் மேலும் கீழும் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆட்டம் இருந்தால் காரை ஓட்டாதீர்கள். இடிப்பைத் தாங்கிக்கொண்டு கல்முனைக்குப் போய் வரலாம், இந்த ஆட்டத்தோடு போகவே முடியாது.

காருக்கு அடியில் படுக்கும்போது டோர்ஷன் பாரின் பின் நுனி பூட்டியிருக்கிற குறுக்குச் சட்டத்தையும் ஒரு ஸ்குரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். ஒரு பக்கம் கடல், மறுபக்கம் வாவி, இரண்டுக்கும் நடுவில் நிற்கிற கார் அது. பெயின்ற் நன்றாகத் தெரிந்தாலும் உள்ளே தகடு தின்றுபோய் இருக்கலாம். நுனி உள்ளே இறங்கினால் பாரைத் திருப்பி உயர்த்துகிற வேலையைத் தொடவே வேண்டாம், முதலில் அந்தச் சட்டம் வெட்டி ஒட்டப்பட வேண்டும்.

இவ்வளவும் சொன்னாலும் காரைக் கண்ணால் காணாமல் தீர்ப்புச் சொல்ல எனக்கு உரிமை இல்லை. பார் விறைக்காது என்பதில் சந்தேகம் இல்லை. டயரும் காற்றும் ஒரு பங்கு தருகின்றன என்று நினைக்கிறேன், டயரின் சுமை எண்ணைப் பார்த்தால் தெரிந்துவிடும். புஷ் தொங்கல் நிலையில் இறுக்கப்பட்டது என்பது என் ஊகம்தான். புஷ் மாற்றிய பிறகுதான் இடிப்புத் தொடங்கியது என்றால் அந்த ஊகம் மிகவும் பலப்படும், அதற்கு முன்பே இருந்தது என்றால் சொக்கைத்தான் முதலில் பார்ப்பேன். அந்த ஒரு விவரத்தைத் தம்பி எழுதவில்லை. அந்த மெக்கானிக்கோடு முரண்பட வேண்டாம், அவரையே வைத்து நட்டுகளைத் தளர்த்திப் பாருங்கள், அரை மணி நேர வேலை. இடிப்பு எப்போது தொடங்கியது, டயரின் சுமை எண் என்ன, மட்காட்டு உயரம் இரண்டு பக்கமும் எவ்வளவு என்று எழுதுங்கள். நட்டைத் தளர்த்தியபோது கார் இறங்கியதா இல்லையா என்பதையும் மறக்காமல் சேர்த்து எழுதுங்கள், அதை வைத்து அடுத்ததைச் சொல்கிறேன்.